பணம் போட்ட வங்கி நொடித்தால் நட்டம் முதலில் யாருக்கு?

பாஸ்புக் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. வங்கி கவிழ்ந்தால் நம் காசு என்ன ஆகும்? தங்கநகைக் கடன், பென்ஷன் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே தருகிறேன். ஈரோடு, கரூர், திருப்பூர்க் கிளைகளில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். இந்த விஷயத்தில் நம் சனங்களுக்குச் சரியான தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு.

ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் மண்டிக்காரர்: "ஒரே வங்கியில் மூணு கிளையில் அஞ்சஞ்சு லட்சம் எப்.டி. போட்டு வெச்சிருக்கேனுங்க. மண்டி பேரில் கரண்ட் அக்கவுண்ட்டும் அங்கேயேதான். ஒவ்வொண்ணுக்கும் 5 லட்சம் இன்சூரன்ஸ் உண்டுன்னு சொல்றாங்களே, சரிங்களா?"

சரியில்லைங்க. வங்கி நொடித்தால் டெபாசிட் இன்சூரன்ஸ் கழகம் 5 லட்சம் வரை திருப்பித் தரும் காப்புதான் இது. கிளை எத்தனை என்பது கணக்கே இல்லை. ஒரு வங்கி, ஒரு ஆள் என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் மூன்று எப்.டி.யும் சேர்ந்து ஒரே 5 லட்சத்துக்குள் அடங்கிவிடும். மண்டிக்கு நீங்கள் ஒருவரே உரிமையாளர் என்றால் அந்தக் கரண்ட் அக்கவுண்ட்டும் அதே 5 லட்சத்தில்தான் சேரும். உரிமையாளரும் மண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள்.

இந்தத் தொகைக்குள் அசலும் வட்டியும் சேர்த்தி. 5 லட்சம் அசல் போட்டு 60,000 வட்டி ஏறியிருந்தால் அந்த அறுபதாயிரத்துக்குக் காப்பு கிடையாது. அதனால் என் பழைய வாடிக்கையாளர்களிடம் முழு 5 லட்சமாகப் போடாதீர்கள், வட்டிக்கு இடம் விட்டுப் போடுங்கள் என்று சொல்வேன்.

ஆனால் உரிமை வேறாக இருந்தால் காப்பும் வேறாகும். உங்கள் பேரில் தனியாக ஒன்று. பங்குதாரர் நிறுவனத்தின் பேரில் ஒன்று. மைனர் மகளுக்குக் கார்டியனாக ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5 லட்சம். ஜாயின்ட் கணக்கும் அப்படியே. அதில் கணவன் பேர் முதலில் உள்ள கணக்கும் மனைவி பேர் முதலில் உள்ள கணக்கும் வெவ்வேறாகவே எண்ணப்படும். இதெல்லாம் டெபாசிட் இன்சூரன்ஸ் கழகத்தின் விதியிலேயே இருப்பது, குறுக்குவழி ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய தொகை என்றால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வைப்பதுதான் சுலபம்.

இன்சூரன்ஸுக்கான பிரீமியத்தை நீங்கள் கட்டுவதில்லை, வங்கி கட்டுகிறது. 2020 ஏப்ரலில் 100 ரூபாய் டெபாசிட்டுக்கு வருடம் 12 பைசா என்று வைத்தார்கள். நல்ல வங்கி, நொண்டும் வங்கி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பிரீமியம் என்பது எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. வங்கியின் நிலைமையைப் பார்த்துப் பிரீமியம் போடும் முறைக்கு மாறப்போவதாக 2025ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வரவேண்டிய மாற்றம்.

கரூரிலிருந்து, பெயர் வேண்டாம் என்ற ஒரு பெட்ஷீட் தறிக்காரர்: "எங்க தாத்தா காலத்துல இருந்து லட்சுமி விலாஸ் வங்கியோட பங்கு வீட்டுல இருந்துச்சு. 2020ல டெபாசிட் போட்டவங்களுக்கு ஒரு பைசா குறையாம கொடுத்தாங்க. பங்கு வெச்சிருந்த எங்களுக்கு மட்டும் சுத்தமா பூஜ்யம். நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

இந்தக் கடிதத்தை நான் பல தடவை படித்தேன். கரூர்க்காரருக்கு அந்த வங்கி வெறும் வங்கி இல்லை. 1926ல் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. பத்து வருடம் முன்னால், 1916ல், அதே ஊரில்தான் கரூர் வைசியா வங்கியும் பிறந்திருந்தது. இரண்டு வங்கிகளைப் பெற்ற சிறிய ஊர் அது. பங்கைச் சொத்துப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துக் காத்த குடும்பங்கள் அங்கே உண்டு. மொத்தமும் ஒரே நாளில் காகிதமாகிப் போனது என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அந்த வங்கியை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. புதிதாகப் பெரிய கடன் கொடுக்காதே, மூலதனம் தேடு என்று கடிவாளம் போடுவதுதான் அது. அதற்கடுத்த மாதம், ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையும் திட்டத்தை ரிசர்வ் வங்கி நிராகரித்தது. 2020 செப்டம்பரில் பொதுக்குழுவில் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு, நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை இறக்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த மாத முடிவில், கொடுத்த கடனில் 100 ரூபாய்க்கு 24 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. நவம்பர் 17ஆம் தேதி தடை உத்தரவு வந்தது: ஒரு ஆள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு அது இணைந்தது. அவர்கள் 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்து போட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பங்கு வைத்திருப்பவர் வங்கியின் சொந்தக்காரர். டெபாசிட் போட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். லாபம் வந்த காலத்தில் டிவிடெண்டு, போனஸ், பங்கு விலை ஏற்றம் எல்லாம் சொந்தக்காரருக்குத்தான் போனது. டெபாசிட்காரர் பேசிய வட்டியோடு நின்றார். நட்டம் வரும்போதும் அதே முறைதான். காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் தலைமடையை நனைத்துவிட்டுத்தானே கடைமடைக்கு இறங்குகிறது? வங்கியில் நட்டம் இறங்குவதும் அப்படித்தான். தலைமடையில் பங்குதாரர், அடுத்து வங்கியின் பாண்டு (கடன் பத்திரம்) வாங்கியவர், கடைசியில்தான் டெபாசிட் போட்டவர். லட்சுமி விலாஸில் பங்கு முழுக்க அழிந்த பிறகு, சுமார் 318 கோடி ரூபாய் பாண்டும் துடைக்கப்பட்டது. டெபாசிட்டை நட்டம் தொடவில்லை.

இந்த வரிசை நியாயமானது என்றே நினைக்கிறேன். பங்குதாரரைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் காசு எங்கிருந்தாவது வரவேண்டும். ஒன்று டெபாசிட்காரரின் பையிலிருந்து, இல்லையென்றால் வரி கட்டுகிற எல்லோருடைய பையிலிருந்து. இரண்டுமே சரியில்லை.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பாதியை நான் முழுமனதோடு ஆமோதிக்கிறேன். இணைப்புத் திட்ட வரைவு வெளியானது நவம்பர் 17 மாலை. ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் நவம்பர் 20. இருபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஜப்தி நோட்டீஸ் விட்டால்கூட அதைவிட அதிக அவகாசம் கொடுப்போம். சொத்தின் மதிப்பு என்ன, கிளைகளின் மதிப்பு என்ன, ஏன் பூஜ்யம் என்று வெளியாள் ஒருவர் கணக்குப் போட்டு, அதைத் தமிழில் அச்சடித்துக் கரூரில் கொடுத்திருக்க வேண்டும். பூஜ்யம்தான் விடை என்றாலும், வழிமுறையைக் காட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். நட்டத்தைச் சுமக்கிறவருக்கு அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு.

திருப்பூரிலிருந்து ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்: "டெபாசிட் முழுசா திரும்பக் கிடைச்சுது, சரி. நடுவுல தடை போட்ட நாளுல சனிக்கிழமை சம்பளத்துக்கு நான் எங்க போவேன்? அதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குங்களா?"

நல்ல கேள்வி. இதைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. வங்கி விழுந்த கதையை எழுதுகிறவர்கள் எல்லாம் எப்.டி. வைத்திருக்கும் பெரியவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். கரண்ட் அக்கவுண்ட்காரருக்கு வலி வேறு மாதிரி. வாரச் சம்பளம், நூல்காரருக்குக் கொடுத்த செக், கரண்ட் பில், ஜி.எஸ்.டி. கெடு. பணம் பத்திரமாக இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை கையில் இல்லாவிட்டால் பட்டறை நிற்கும், செக் ரிட்டர்ன் ஆகும், பேர் கெடும்.

2020 மார்ச் 5ஆம் தேதி எஸ் (Yes) வங்கிக்குத் தடை போட்டபோது வரம்பு 50,000 ரூபாய். மருத்துவம், படிப்பு, கல்யாணம் என்றால் 5 லட்சம் வரை அனுமதி என்று விதிவிலக்கு வைத்தார்கள். லட்சுமி விலாஸுக்கும் அதுபோலவே. கூலி கொடுப்பதற்கு என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கக் கூடாதா? பட்டறையின் சம்பளப் பதிவேடும் பி.எப். கட்டிய ரசீதும் காட்டினால் அந்தத் தொகையை மட்டும் விடலாமே. இதை நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

எஸ் வங்கித் தடை மார்ச் 18ல் நீங்கியது. ஸ்டேட் வங்கியும் மற்ற சில வங்கிகளும் மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தின. லட்சுமி விலாஸ் பத்து நாளில் முடிந்தது. ஆனால் மகாராஷ்டிராவின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 23ல் தடை. முதலில் ஆளுக்கு 1,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஆயிரம்! கூச்சல் எழுந்ததும் 10,000 என்றார்கள், அப்புறம் படிப்படியாக ஏற்றினார்கள். கொடுத்த கடனில் முக்கால் பங்குக்கு அருகே ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க இருபத்தோராயிரத்துக்கு மேல் போலிக் கணக்குகள். 2022 ஜனவரியில்தான் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தார்கள். அதிலும் பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்குப் பத்து வருடம் வரை தவணை.

அந்த அவதியின் பலனாக ஒரு நல்லது நடந்தது. 2021ல் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பு ஆரம்பித்தால்தான் இன்சூரன்ஸ் பணம். தடை மட்டும் வருடக் கணக்கில் நீண்டால் ஒன்றும் கிடையாது. இப்போது தடை போட்டாலே 90 நாளுக்குள் 5 லட்சம் வரை கொடுத்தாக வேண்டும். வங்கி 45 நாளில் பட்டியல் கொடுக்க வேண்டும், கழகம் 30 நாளில் சரிபார்க்க வேண்டும், அடுத்த 15 நாளில் பணம்.

90 நாள் உங்களால் காத்திருக்க முடியாது, தெரியும். அமெரிக்காவில் வங்கியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடுவார்கள். பெரும்பாலும் திங்கட்கிழமைக்குள் வேறு வங்கியின் பலகையோடு திறந்துவிடும். 2009ல் 140, 2010ல் 157 வங்கிகள் அங்கே விழுந்தன. பெரும்பாலான ஊர்களில் டெபாசிட்காரருக்கு ஒரு வேலை நாள்கூடத் தடங்கல் இல்லை. விழப்போகிற வங்கியின் புத்தகத்தை முன்கூட்டியே இரகசியமாகப் படித்து, வாங்குகிறவரைத் தயார் செய்து வைப்பதால் அது முடிகிறது. நம் ஊரிலும் முடியும். வங்கி எந்தத் திசையில் போகிறது என்று ரிசர்வ் வங்கிக்கு மாதக் கணக்கில் முன்னாலேயே தெரிகிறது. தடை போடும் நாளன்றே வாங்குகிறவர் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிப் பீதி குறையும். லட்சுமி விலாஸில் அப்படித்தான் செய்தார்கள். அதனால்தான் அது சீக்கிரம் அடங்கியது.

அதுவரை உங்களுக்கு என் யோசனை: இரண்டு வாரச் சம்பளத்துக்கான பணம் வேறொரு வங்கியில் இருக்கட்டும். ஓ.டி. (ஓவர்டிராப்ட் கடன்) இருக்கும் வங்கியிலேயே எல்லாம் வைக்கச் சொல்லி மேனேஜர் வற்புறுத்துவார். மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி: "எங்க ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் டெபாசிட் வெச்சிருக்கேன். அதுக்கும் இந்த 5 லட்சம் உண்டுங்களா?"

இல்லைங்க. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி இவற்றுக்கு உண்டு. கிராமத்துத் தொடக்கச் சங்கத்துக்கு இந்த இன்சூரன்ஸ் பொருந்தாது. சங்கம் மோசம் என்று சொல்லவில்லை. கடனும் உரமும் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தேங்காய் விற்ற காசு மொத்தத்தையும் அங்கேயே வைக்க வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு பி.காம். மாணவர்: "2008 நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்க வங்கி விதிகளை மாற்றினார்கள் என்று பாடத்தில் இருக்கிறது. உண்மையில் என்ன மாறியது? இந்தியாவில் அதற்கான சட்டம் ஏன் வரவில்லை?"

தம்பி, பாடத்தில் பாசல் மூன்று என்று ஒரு அத்தியாயம் இருக்கும். அதன் சாரம், வங்கி அடுத்தவர் காசில் மட்டும் சூதாடக் கூடாது, சொந்தக் காசும் போதிய அளவு இருக்க வேண்டும் என்பதுதான். அபாயத்துக்கு ஏற்ப எடைபோட்ட கடன் 100 ரூபாய்க்கு, இந்திய வங்கிகள் 11 ரூபாய் 50 பைசா மூலதனம் வைத்திருக்க வேண்டும். உலக அளவுகோலைவிட ஒரு ரூபாய் அதிகம்.

மூலதனத்தைவிட நீ கவனிக்க வேண்டியது, விழுந்த வங்கியை ஒவ்வொரு நாடும் எப்படிக் கையாண்டது என்பது. 2008 செப்டம்பர் 15ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியை விழ விட்டார்கள். உலகச் சந்தையே உறைந்துபோனது. பயந்துபோய் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதே செப்டம்பர் 25ல், லேமனுக்குப் பத்து நாள் கழித்து, வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்தது. அந்நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வங்கி வீழ்ச்சி அது. 30,700 கோடி டாலர் சொத்து. அதை இரவோடு இரவாக ஜே.பி. மார்கனுக்கு 190 கோடி டாலருக்கு விற்றார்கள். டெபாசிட்காரர் யாரும் ஒரு காசு இழக்கவில்லை. பங்குதாரரும் பாண்டு வாங்கியவர்களும் இழந்தார்கள். அதைப் பற்றி உன் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் ஆச்சரியம். ஒழுங்காக நடந்த இறுதிச் சடங்கு செய்தியாவதில்லை.

அயர்லாந்து நேர் எதிராகப் போனது. 2008 செப்டம்பர் கடைசியில் ஆறு வங்கிகளின் டெபாசிட், பாண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 44,000 கோடி யூரோவுக்கு அரசே பொறுப்பு என்று ஒரே இரவில் முடிவு எடுத்தது. பாண்டு வாங்கிய பெரிய முதலீட்டாளர்கள் தப்பினார்கள். வங்கிகளுக்குள் சுமார் 6,400 கோடி யூரோவை அரசு கொட்டியது. 2010 கடைசியில் அந்த அரசே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐ.எம்.எப்.பிடமும் கையேந்தியது. அங்கே ஒரு நர்ஸின் சம்பளம் குறைந்ததற்கும் ஒரு வங்கியின் பாண்டுக்காரர் முழுப் பணம் வாங்கியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. எனக்கு இது ஆறாத கோபம்.

1992ல் ஸ்வீடன் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. டெபாசிட்காரருக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள், ஆனால் உதவி கேட்டு வந்த வங்கியிடம் முதலில் சொந்தக்காரன் நட்டத்தைச் சுமக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார்கள். கோட்டா வங்கியின் பங்குதாரர் எல்லாம் இழந்தனர். வாராக்கடன்களைப் பிரித்து செக்யூரம் என்ற தனி நிறுவனத்தில் வைத்து, அவசரப்படாமல் விற்றுக் காசாக்கினார்கள்.

அப்புறம் சைப்ரஸ். 2013 மார்ச்சில் அங்கே வங்கிகள் இரண்டு வாரம்போல மூடிக் கிடந்தன. ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பணத்தில் கை வைத்தார்கள். பாங்க் ஆப் சைப்ரஸில் காப்பில்லாத டெபாசிட்டில் 47.5 சதவீதம் வங்கிப் பங்காக மாற்றப்பட்டது. நட்டம் கடைமடை வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பயம்தான் இங்கே 2017ல் எதிரொலித்தது. நிதித் தீர்வு, டெபாசிட் காப்பு மசோதாவை அரசு கொண்டுவந்தது. அதில் 52வது பிரிவு, நொடிக்கும் வங்கியின் கடன்களை ரத்து செய்யவோ மாற்றவோ அதிகாரம் தந்தது. காப்புக்குள் இருக்கும் டெபாசிட்டுக்கு அது பொருந்தாது என்றாலும், அன்றைய காப்பு 1 லட்சம்தான். ஓய்வூதியப் பணத்தை வங்கிப் பங்காக மாற்றிவிடுவார்கள் என்று நாடெங்கும் பேச்சு. 2018 ஆகஸ்டில் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். எதிர்த்தவர்களில் நானும் ஒருவன், அந்தப் பிரிவுக்காக. ஆனால் மசோதாவோடு சேர்த்து நல்ல பகுதியும் போய்விட்டது: விழும் வங்கியைக் கையாள ஒரே ஒரு தனி அமைப்பு, கெடு வைத்த நடைமுறை. இன்றைக்கும் நாம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45வது பிரிவை வைத்தே சமாளிக்கிறோம். 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு வந்த பிரிவு அது. அந்தப் பிரிவின் காலத்தில்தான் சிறு வங்கிகள் பல பெரிய வங்கிகளுக்குள் கரைந்தன. ராசிபுரம் பேங்க், கோயம்புத்தூர் ஸ்டாண்டர்டு பேங்க், குளித்தலை பேங்க் என்று நம் பக்கத்துப் பெயர்களே அந்தப் பட்டியலில் உண்டு. ராசிபுரத்துக்குச் சொந்தமாக ஒரு வங்கி இருந்தது என்பது உன் வயதுக்காரருக்குத் தெரியுமா?

தாராபுரத்திலிருந்து ஒரு இல்லத்தரசி: "போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு வங்கி மூடப்போவதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் பயந்து எப்.டி.யை உடைத்துவிட்டார். தப்புங்களா?"

வட்டி கொஞ்சம் நட்டமாகியிருக்கும், அவ்வளவுதான். பயந்ததற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். 2008 செப்டம்பரில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பி, ஏ.டி.எம். வாசலில் வரிசை நின்றது. வங்கி நன்றாகத்தான் இருந்தது. ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டு அடக்கியது.

வதந்திக்கு வலு எங்கே வருகிறது என்றால், காப்பு போதாத இடத்தில். 2007ல் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் வரிசை நின்றபோது, அங்கே முதல் 2,000 பவுண்டுக்குத்தான் முழுக் காப்பு. அதற்கு மேல் ஒரு வரம்பு வரை 90 சதவீதம். பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்றால் யார் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் இல்லை. அரசு முழு உத்தரவாதம் தந்த பிறகே கூட்டம் கலைந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வரிசையே இல்லை. செல்போனிலேயே ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அந்த டெபாசிட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பு வரம்பைத் தாண்டியது.

உங்கள் வீட்டில் உள்ள தொகை அந்த வங்கியில் வட்டியோடு 5 லட்சத்துக்குள் என்றால், அடுத்த முறை செய்தி வந்தால் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தைப் பாருங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். அதற்கு மேல் தொகை இருந்தால் வதந்தி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பிரித்து வையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர்: "தெரிஞ்சவர் நடத்துற பைனான்ஸில் நூத்துக்கு ஒண்ணரை வட்டி தர்றாங்க. இன்சூரன்ஸ் இருக்குன்னு பாண்டு பேப்பரில் எழுதிக் கொடுக்கிறாங்க."

அப்படி எழுதிக் கொடுத்தாலே ஒதுங்கிவிடுங்கள். பைனான்ஸ், சீட்டு, நிதி நிறுவனம் எதற்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் கழகத்தின் காப்பு கிடையாது. 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் போட்ட பணத்துக்காகச் சனங்கள் அலைந்ததை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அங்கே பணம் போனால் 1997ஆம் வருடத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுத்து, சொத்தை ஏலம் விட்டு வரும் காசுக்குக் காத்திருக்க வேண்டும். 90 நாள் என்ற கெடுவெல்லாம் அங்கே இல்லை.

பவானியிலிருந்து ஒரு ஜமுக்காள வியாபாரி: "வங்கி விழுந்தால் நான் வாங்கின கடனும் போயிடுமா?"

போகாது. வாங்குகிற வங்கிக்கு உங்கள் கடன் அப்படியே மாறும்; தவணை தவறினால் பழையபடியே நோட்டீஸ் வரும். இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும்போதும், அந்த வங்கிக்கு நீங்கள் கட்டவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். 5 லட்சம் டெபாசிட், 2 லட்சம் கடன் பாக்கி என்றால் கைக்கு 3 லட்சம்.

கோபியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை: "5 லட்சம் என்ற வரம்பு எங்களைப் போன்றவர்களுக்குப் போதுமா ஐயா? உயர்த்துவார்களா?"

அம்மா, 1962ல் இந்த இன்சூரன்ஸ் தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993ல் 1 லட்சமாக்கி, 2020 பிப்ரவரி வரை, கிட்டத்தட்ட இருபத்தேழு வருடம் அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பி.எம்.சி. வங்கி வாசலில் வயதானவர்கள் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே 5 லட்சமாக உயர்ந்தது.

போதாது என்பதே என் பதில். ஓர் ஆசிரியையின் கிராஜுவிட்டியும் பி.எப்.பும் சேர்ந்தாலே இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டும். ஓய்வுக்காலப் பலன்கள் கணக்கில் வந்து விழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரைக்குமாவது தனி உயர்வரம்பு வேண்டும். பிரித்து வைக்க யோசிப்பதற்கு அந்த அவகாசம் தேவை. இங்கிலாந்தில் வீடு விற்ற பணம் போன்ற தற்காலிகப் பெருந்தொகைக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரம்பை விலைவாசியோடு சேர்த்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபார்வை செய்வதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு வங்கி விழுந்து, நாலு பேர் தெருவில் அழ வேண்டும் என்று இருக்கக் கூடாது.

உங்கள் பணத்தைப் பற்றி: ஒரு பகுதியை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள், அது நேரடியாக மத்திய அரசின் பொறுப்பு, 5 லட்ச வரம்பு அங்கே பொருந்தாது. மீதியை இரண்டு மூன்று வங்கிகளில் வையுங்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே கிளைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள், செல்போன் எண்ணும் ஆதாரும் சரியாக இருக்க வேண்டும். தடைக்குப் பிறகு பணம் வராமல் நின்றவர்களில் பலர், இந்த விவரங்களைக் கொடுக்காமல் விட்டவர்கள்தான்.